கண் டாக்டரிடம் எந்த அட்டை செல்லும்: விஷனா, மெடிக்கலா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டல்லாஸ் பக்கம் இருக்கிறீர்கள், வயது நாற்பத்தாறு, சர்க்கரை வந்து மூன்று வருடம் ஆகிறது. வருடா வருடம் போகிற கண் டாக்டரிடமே இந்தத் தடவையும் போனீர்கள், கம்பெனி கொடுத்த விஷன் அட்டையைக் காட்டினீர்கள். போன வருடம் 10 டாலரோடு முடிந்த விஷயம், இந்த வருடம் ஆறு வாரம் கழித்து 224 டாலர் பில்லாக வீட்டுக்கு வந்திருக்கிறது. கேட்டால் "மெடிக்கல் இன்சூரன்சுக்கு அனுப்பினோம், உங்கள் டிடக்டபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் வருடத்தில் நாமே கட்ட வேண்டிய தொகை) இன்னும் முடியவில்லை" என்கிறார்கள். விஷன் அட்டையைக் காட்டியும் மெடிக்கலுக்கு எப்படி அனுப்பலாம், இது ஏமாற்று வேலையா, விஷனுக்கு மாற்றி அனுப்பச் சொல்லலாமா என்பது உங்கள் கேள்வி. கூடவே, வலது கண்ணில் பத்து நாளாக ஒரு கறுப்பு நூல் மிதக்கிறது என்று அங்கே இருந்த டெக்னீஷியனிடம் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விடை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

நான் டெக்சாஸில் ஒரு கண் டாக்டர் கிளினிக்கில் பன்னிரண்டு வருடமாக பில்லிங் பார்க்கிறேன். வாரத்துக்கு நாலு பேராவது இதே கேள்வியோடு கூப்பிடுகிறார்கள். உங்களை ஏமாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நாற்காலியில் உட்கார வைப்பதற்கு முன்னாலேயே "இது மெடிக்கல் விசிட்டாக மாறுகிறது, பரவாயில்லையா" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது அவர்கள் தப்பு.

சரி, முதலில் அந்த விஷன் அட்டை என்ன என்று பார்ப்போம், ஏனென்றால் பெயரில் இன்சூரன்ஸ் என்று இருந்தாலும் அது வேலை செய்கிற விதம் வேறு. வீட்டு இன்சூரன்சோ கார் இன்சூரன்சோ எப்போதோ வரக்கூடிய பெரிய நஷ்டத்துக்காக எடுப்பது. விஷன் பிளான் அப்படிக் கிடையாது. வருடத்துக்கு ஒரு தடவை கண்ணைப் பார்த்து பவர் சொல்வது, ஒரு கண்ணாடிக்கோ கான்டாக்ட் லென்சுக்கோ இவ்வளவு பணம், அவ்வளவுதான் அதன் எல்லை. முன்கூட்டியே பணம் கட்டி வைத்த கூப்பன் புத்தகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விஎஸ்பி, ஐமெட், டேவிஸ் விஷன், சுப்பீரியர் விஷன் இவைதான் பெரும்பாலான கம்பெனிகளில் கிடைப்பவை. இதில் விஎஸ்பி 1955-ல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் சில ஆப்டோமெட்ரிஸ்ட்கள் (பவர் பார்த்துக் கண்ணாடி எழுதும் கண் டாக்டர்கள்) சேர்ந்து தொடங்கியது. ஐமெட்டின் சொந்தக்காரர் எசிலார்லக்சோட்டிகா, ரேபான், ஓக்லி பிரேம்களையும் லென்ஸ்கிராப்டர்ஸ், பியர்ல் விஷன் கடைகளையும் வைத்திருக்கும் அதே நிறுவனம். விஎஸ்பி கையிலும் விஷன்வொர்க்ஸ் கடைகள் இருக்கின்றன. கண்ணாடி விற்கிறவரும் கண்ணாடிக்கு பிளான் கொடுக்கிறவரும் ஒருவரே என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அந்த பிளான் எதற்குத் தாராளமாகவும் எதற்குக் கையை இறுக்கியும் பணம் கொடுக்கிறது என்பது புரிந்துவிடும்.

மெடிக்கல் இன்சூரன்சின் கதை நேர் எதிர். உடம்புக்கு நோய் வந்தால், அடிபட்டால், நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டி வந்தால் அது பணம் கொடுக்கும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்து, இதையெல்லாம் அது நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவில் இது பழைய வழக்கம். 1965-ல் மெடிக்கேர் (வயதானவர்களுக்கான அரசு மருத்துவ இன்சூரன்ஸ்) சட்டம் வந்தபோதே கண்ணாடியையும் கண்ணாடிக்காகச் செய்யும் பவர் பரிசோதனையையும் வெளியே வைத்துவிட்டார்கள். தனியார் இன்சூரன்ஸ்களில் பெரும்பாலானவையும் இந்த விஷயத்தில் அதே வழியில்தான் போகின்றன. அதனால்தான் ஒரே தலையில் இருக்கிற கண்ணுக்கு மட்டும் தனியாக இன்னொரு அட்டை.

அப்படியானால் ஒரு விசிட் எந்தப் பக்கம் போகும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? நீங்கள் காட்டும் அட்டை முடிவு செய்வதில்லை, டாக்டரின் போர்டில் ஆப்டோமெட்ரிஸ்ட் என்று இருக்கிறதா ஆப்தமாலஜிஸ்ட் (ஆபரேஷனும் செய்யும் கண் மருத்துவர்) என்று இருக்கிறதா என்பதும் முடிவு செய்வதில்லை. நிறையப் பேர் ஆப்டோமெட்ரிஸ்ட் என்றால் விஷன், ஆப்தமாலஜிஸ்ட் என்றால் மெடிக்கல் என்று நினைக்கிறார்கள், தப்பு. எங்கள் டாக்டர் ஆப்டோமெட்ரிஸ்ட்தான், காலையில் ஒருவருக்கு மெட்ராஸ் ஐ பார்த்து மெடிக்கலுக்கு அனுப்புவோம், அடுத்த நாற்காலியில் காலேஜ் பையனுக்குப் பவர் பார்த்து விஷனுக்கு அனுப்புவோம். முடிவு செய்வது இரண்டு விஷயங்கள்: நீங்கள் எதற்காக வந்தீர்கள், டாக்டர் எதைத் தேடிப் பார்த்தார்.

டெக்னீஷியன் உங்களை உட்கார வைத்ததும் "இன்னைக்கு எதுக்கு வந்திருக்கீங்க, கண்ணுல ஏதாவது பிரச்சனை இருக்கா" என்று கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டுவார் இல்லையா, அந்த இடம்தான். அதை நாங்கள் சீஃப் கம்ப்ளெய்ன்ட் என்போம். அங்கே "வருடாந்திர பரிசோதனை, தூரத்தில் கொஞ்சம் மங்கல், கண்ணாடி மாற்ற வேண்டும்" என்று ஏறினால் அது ரொட்டீன். "பத்து நாளாக வலது கண்ணில் கறுப்பாக மிதக்கிறது, சர்க்கரை நோயாளி" என்று ஏறினால் அந்த நிமிடத்திலிருந்து டாக்டருக்குக் கடமை மாறுகிறது. சொட்டு மருந்து போட்டு கண்மணியை விரித்து விழித்திரையின் ஓரம் வரை தேட வேண்டும். கிழிசல் இருக்கிறதா, ரத்தக்கசிவு இருக்கிறதா, சர்க்கரையால் ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். பார்த்ததற்குத் தகுந்த நோய்க் குறியீடும் போட வேண்டும். கிட்டப்பார்வை, வெள்ளெழுத்து எல்லாம் எச் 52 என்ற வரிசையில் வரும், அது விஷன் பக்கம். கண் முன் மிதப்பது எச் 43, குளுக்கோமா (கண் அழுத்த நோய்) எச் 40, வயதால் வரும் கண்புரை எச் 25, இரண்டாம் வகை சர்க்கரை இ 11, இவையெல்லாம் மெடிக்கல் பக்கம். 2015 அக்டோபரிலிருந்து அமெரிக்காவில் எல்லா கிளெய்மும் இந்தக் குறியீட்டு முறையில்தான் போகிறது.

நீங்கள் மாற்றி அனுப்பச் சொல்லலாமா என்று கேட்டதற்கு இங்கேதான் பதில். டாக்டர் எழுதியது ஒன்று, கிளெய்மில் போவது வேறொன்று என்றால் அது பொய்க் கிளெய்ம், லைசன்ஸ் வரை போகும் விவகாரம். நோயாளி கேட்டார் என்பதற்காக எந்த ஒழுங்கான கிளினிக்கும் அதைச் செய்யாது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. நீங்கள் எந்தப் பிரச்சனையும் சொல்லாமல், சும்மா கண்ணாடிக்காகப் போய், அவர்கள் தாங்களாகவே மெடிக்கலுக்கு அனுப்பியிருந்தால் சண்டை போட உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அன்றைய விசிட் நோட்டின் நகலைக் கேளுங்கள், உங்கள் மருத்துவப் பதிவைப் பெறுவது எச்ஐபிஏஏ சட்டப்படி உங்கள் உரிமை. அதில் முதல் நாலு வரியில் வந்த காரணம் இருக்கும். அந்தக் காரணமும் கிளெய்மில் போன குறியீடும் பொருந்தவில்லை என்றால் திருத்திய கிளெய்ம் அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் வைத்திருக்கும் கெடு உண்டு, மாதக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள்.

இடையில் ஒரு சாம்பல் பகுதியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பதில் நேர்மையாக இருக்காது. சர்க்கரை இருக்கிறது, ஆனால் கண்ணில் எந்தத் தொந்தரவும் இல்லை, கண்ணாடி மாற்றத்தான் வந்தேன் என்கிறவரை எந்தப் பக்கம் போடுவது? ஒரு கிளினிக் விஷனில் போடும், இன்னொன்று சர்க்கரைக்காக விழித்திரையைப் பார்த்தோம் என்று மெடிக்கலில் போடும். இரண்டுக்கும் நியாயம் சொல்ல முடியும். நாங்கள் செய்வது, போனிலேயே கேட்டுவிடுவது: வருடாந்திர சர்க்கரைக் கண் பரிசோதனையாகப் பார்க்கட்டுமா, கண்ணாடிக்கான விசிட்டாகப் பார்க்கட்டுமா, இதற்கு இவ்வளவு ஆகும், அதற்கு இவ்வளவு ஆகும். என்னைக் கேட்டால் சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் பக்கமே போவது நல்லது, அந்த ரிப்போர்ட் உங்கள் குடும்ப டாக்டருக்கும் போகும், விழித்திரை மாற்றம் வருடா வருடம் பதிவாகும். இரண்டாம் வகை சர்க்கரை என்றால் நோய் தெரிந்த அன்றே முதல் கண் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டல். நம் ஊர்க்காரர்களுக்கு சர்க்கரை சீக்கிரம் வருகிறது, உடம்பு ஒல்லியாக இருந்தாலும் வருகிறது, "எனக்கு கண் நல்லாத்தான் தெரியுது" என்று ஐந்து வருடம் தள்ளிப் போட்டுவிட்டு வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆரம்பத்தில் விழித்திரை கெடுவது கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இதற்கு நேர் மாறான நிலையும் உண்டு. ரொட்டீனாகப் போனீர்கள், எந்தப் புகாரும் இல்லை, டாக்டர் பார்க்கும்போது தற்செயலாக கண் அழுத்தம் கூடியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார். அன்றைய விசிட் பெரும்பாலும் ரொட்டீனாகவே விஷனுக்குப் போகும். குளுக்கோமாவுக்கான மேற்படி டெஸ்டுகளுக்கு, அதாவது பக்கப்பார்வை டெஸ்ட், நரம்பு ஸ்கேன், கருவிழித் தடிமன் அளப்பது ஆகியவற்றுக்கு, இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அது மெடிக்கல். பணம் பறிக்க இரண்டாவது தடவை வரச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் பில்லுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய ஈஓபியில், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் விளக்கத் தாளில், மூன்று வரி இருக்கிறது. முதல் வரி 92014: பழைய நோயாளிக்கான முழுக் கண் பரிசோதனை. கிளினிக் கேட்டது 230, இன்சூரன்ஸ் ஒப்பந்தப்படி அனுமதித்தது 138. மூன்று வருடத்துக்குள் அதே கிளினிக்கில் பார்த்திருந்தால் பழைய நோயாளி, அதற்கு மேல் இடைவெளி என்றால் 92004 என்று புது நோயாளிக் கணக்கில் கொஞ்சம் கூடப் போகும், அந்த வகையில் உங்களுக்குச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது வரி 92134: விழித்திரை ஓசிடி ஸ்கேன், கேட்டது 95, அனுமதித்தது 41. மூன்றாவது 92015, 45 டாலர், அதற்கு நேரே "இந்தச் சேவை பிளானில் இல்லை" என்று இருக்கிறது. 138, 41, 45 கூட்டினால் 224. கிளினிக் கேட்ட 230-க்கும் 138-க்கும் நடுவில் இருக்கிற 92 டாலரை அவர்கள் உங்களிடம் வசூலிக்கக் கூடாது, வசூலிக்கவும் இல்லை. உங்களுடையது டிடக்டபிள் அதிகமுள்ள பிளான் என்பதால் முதல் 3,000 டாலர் வரை நீங்களே கட்ட வேண்டும், அதனால்தான் முழுத் தொகையும் உங்கள் தலையில் விழுந்தது. ஆனால் முதல் இரண்டு வரியும் சேர்ந்த 179 டாலர் அந்த 3,000-த்தில் கழிந்திருக்கும், பாருங்கள். மூன்றாவது வரி கழியாது, பிளானில் இல்லாத சேவை டிடக்டபிளில் சேராது.

அந்த மூன்றாவது வரியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் குழம்புகிறார்கள். இருட்டு அறையில் கண்ணுக்கு முன்னால் அந்தப் பெரிய கருவியை வைத்து, லென்சைச் சட் சட்டென்று மாற்றி, "ஒண்ணு நல்லா இருக்கா, ரெண்டு நல்லா இருக்கா" என்று கேட்கிறார்களே, அதற்குப் பெயர் ரிஃப்ராக்‌ஷன். உங்கள் கண்ணாடிப் பவரைக் கண்டுபிடிப்பது அதுதான். விஷன் பிளானின் வருடாந்திர பரிசோதனையில் இது உள்ளேயே அடங்கியிருக்கும். மெடிக்கல் விசிட்டில் இது தனி வரி, தனிப் பணம், மெடிக்கல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் தராது, மெடிக்கேர் தரவே தராது. கிளினிக்கைப் பொறுத்து 40 முதல் 75 டாலர் வரை வாங்குகிறார்கள். நீங்கள் அந்த நாற்காலியிலேயே "இன்றைக்குப் பவர் பார்க்க வேண்டாம், கண்ணுக்குள் என்ன மிதக்கிறது என்று மட்டும் பாருங்கள்" என்று சொல்லியிருந்தால் இந்த 45 மிச்சம். சில நேரம் பார்வை குறைந்ததற்குக் காரணம் பவரா நோயா என்று பிரித்தறிய டாக்டருக்கே அந்த அளவு தேவைப்படும், அப்போது மறுக்காதீர்கள்.

இங்கே உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சில விஷன் பிளான்கள், மெடிக்கல் முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு, ரிஃப்ராக்‌ஷன் மாதிரி விடுபட்ட தொகையைத் தாங்கள் ஏற்றுக்கொள்ளும். பில்லிங் பாஷையில் கோஆர்டினேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ். கிளினிக்கைக் கூப்பிட்டு "என் ஈஓபியை விஷன் பிளானுக்கு இரண்டாவதாக அனுப்பிப் பார்த்தீர்களா" என்று கேளுங்கள். எல்லா பிளானிலும் நடக்காது, ஆனால் கேட்காமல் யாரும் செய்து தருவதும் இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்று, உங்கள் கேள்வியில் இதை நீங்கள் கவனிக்கவே இல்லை: உங்கள் விஷன் பெனிஃபிட் இன்னும் தொடாமல் அப்படியே இருக்கிறது! பரிசோதனை மெடிக்கலுக்குப் போய்விட்டதால் இந்த வருடத்துக்கான கண்ணாடிப் பணம் எங்கேயும் போகவில்லை. 45 டாலர் கொடுத்து வாங்கிய பவர் சீட்டு கையில் இருக்கிறது அல்லவா, அதை வைத்து பிளான் நெட்வொர்க்கில் இருக்கிற, அதாவது பிளானோடு ஒப்பந்தம் உள்ள, எந்தக் கடையிலும் பிரேமும் லென்சும் வாங்கிக்கொள்ளலாம். பரிசோதனை செய்த இடத்திலேயே வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பவர் சீட்டு கொடுக்கவில்லை என்றால் கேளுங்கள்; பரிசோதனை முடிந்ததும் நாம் கேட்காவிட்டாலும் தனிக் கட்டணம் இல்லாமல் கையில் கொடுக்க வேண்டும் என்பது நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பான எஃப்டிசியின் விதி, 1978-லிருந்து இருக்கிறது.

கண்ணாடிப் பணம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் ஒரு கணக்கோடு சொல்கிறேன். பிளானில் பிரேம் அலவன்ஸ் 150 என்று இருக்கிறது, நீங்கள் எடுத்த பிரேம் 220. மேலே இருக்கிற 70-க்குப் பல பிளான்கள் இருபது சதவீதம் தள்ளுபடி தரும், அப்போது நீங்கள் பிரேமுக்குக் கொடுப்பது 56. லென்சுக்கு ஒரு கோபே, அதாவது நம் பங்காகக் கொடுக்கும் நிலையான தொகை, பெரும்பாலும் 25. இத்தோடு நின்றால் 81 டாலரில் கண்ணாடி. ஆனால் நிற்காது, கூச்சம் குறைக்கும் பூச்சு, மெல்லிய லென்ஸ், உங்கள் வயதுக்கு புரோகிரசிவ் லென்ஸ் (தூரமும் கிட்டமும் ஒரே லென்சில் பார்ப்பது) என்று ஒவ்வொன்றாக ஏறும், புரோகிரசிவிலேயே தரம் தரமாக விலை உண்டு. ஆர்டர் போடுவதற்கு முன் விலையை வரி வரியாக எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். கான்டாக்ட் லென்ஸ் வேண்டும் என்றால் பெரும்பாலான பிளான்களில் அந்த வருடம் கண்ணாடி கிடையாது, இரண்டில் ஒன்றுதான். கான்டாக்ட் லென்ஸ் பொருத்திப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு, பரிசோதனைக் கோபேயில் அது அடங்காது. "10 டாலர்னு சொன்னீங்க, 70 டாலர் கேக்கிறீங்க" என்று எங்கள் கவுன்டரில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இதுதான்.

பில் தொகையை எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கென்று சேர்த்து வைக்கும் கணக்கு) பணத்தில் கட்டலாம், பரிசோதனை, ரிஃப்ராக்‌ஷன், கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் எல்லாமே அதில் அடங்கும். வரி கட்டாத பணம் என்பதால் அந்த 224-ன் சுமை கொஞ்சம் குறையும்.

நெட்வொர்க் என்று ஒரு பொறி இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு கிளினிக் உங்கள் விஷன் பிளானின் நெட்வொர்க்கில் இருக்கும், உங்கள் மெடிக்கல் பிளானின் நெட்வொர்க்கில் இருக்காது. நீங்கள் விஷன் பட்டியலைப் பார்த்துப் போய் உட்கார்ந்து, விசிட் மெடிக்கலாக மாறினால், நெட்வொர்க்குக்கு வெளியே என்ற கணக்கில் பில் வரும், அப்போது அந்த 92 டாலர் தள்ளுபடிகூடக் கிடைக்காது. எச்எம்ஓ பிளான் என்றால் குடும்ப டாக்டரின் ரெஃபரல், அதாவது பரிந்துரைச் சீட்டு, வேறு வேண்டியிருக்கும். ஆகவே அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே இரண்டு அட்டை நம்பரையும் கொடுத்து, இரண்டிலும் நீங்கள் இருக்கிறீர்களா என்று கேட்டுவிடுங்கள். "கண்ணுக்கு மெடிக்கல் அட்டை எதுக்கு" என்று வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் பிறகு கஷ்டப்படுகிறார்கள்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும் வீடுகளில் கேள்வி வேறு மாதிரி வரும். விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்திருப்பார்கள், அதில் ரொட்டீன் கண் பரிசோதனை பொதுவாகக் கிடையாது, ஏற்கெனவே இருக்கிற குளுக்கோமா, கண்புரை, சர்க்கரைக் கண் எதற்கும் பெரும்பாலும் பணம் வராது, புதிதாக அடிபட்டாலோ தொற்று வந்தாலோதான் பேச முடியும். அதனால் கிளம்புவதற்கு முன் மதுரையோ சென்னையோ அவர்கள் வழக்கமாகப் பார்க்கும் கண் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிட்டு, ரிப்போர்ட், உபரிக் கண்ணாடி ஒன்று, தங்கும் மாதம் முழுவதுக்கும் சொட்டு மருந்து, எல்லாவற்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள். சொட்டு மருந்தை கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், பெட்டி தொலைந்தால் குளுக்கோமா மருந்து இல்லாமல் ஒரு வாரம் போவது நல்லதில்லை.

இங்கேயே மெடிக்கேரில் இருக்கும் பெரியவர்கள் என்றால்: சாதாரண மெடிக்கேர் ரொட்டீன் கண் பரிசோதனைக்குக் கொடுக்காது. சர்க்கரை இருந்தால் வருடத்துக்கு ஒரு விழித்திரைப் பரிசோதனை, குளுக்கோமா அபாயம் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு ஸ்கிரீனிங், கண்புரை ஆபரேஷன், அதற்கெல்லாம் பார்ட் பி (மெடிக்கேரில் டாக்டர் செலவுக்கான பகுதி) கொடுக்கும், டிடக்டபிள் போக இருபது சதவீதம் நாம் கட்ட வேண்டும். கண்புரை எடுத்து லென்ஸ் வைத்த பிறகு ஒரு கண்ணாடிக்கும் அது பணம் தரும், மெடிக்கேர் கண்ணாடிக்குக் கொடுக்கும் அநேகமாக ஒரே சந்தர்ப்பம் அது, பலர் கேட்டு வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். மெடிக்கேர் அட்வான்டேஜ் (தனியார் கம்பெனி நடத்தும் மெடிக்கேர் பிளான்) எடுத்திருந்தால் பெரும்பாலும் ரொட்டீன் விஷன் உள்ளேயே சேர்ந்திருக்கும்.

குழந்தைகளுக்கு, தனியாக வாங்கிய பிளானிலும் சிறு கம்பெனி பிளானிலும் பத்தொன்பது வயது வரை கண் பரிசோதனையும் கண்ணாடியும் 2014-லிருந்து மெடிக்கல் பிளானுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரிய கம்பெனி பிளான்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குழந்தை டாக்டரிடம் செய்யும் பார்வை ஸ்கிரீனிங்கை முழுக் கண் பரிசோதனை என்று நினைத்துவிட வேண்டாம், மாறுகண்ணோ சோம்பேறிக் கண்ணோ இருக்கும் என்று சந்தேகம் வந்தால் அது மெடிக்கல் விசிட்.

இனி அடுத்த தடவை போன் செய்யும்போது என்ன கேட்பது? நான் கவுன்டருக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன், இப்படிக் கேட்டால் எங்களுக்கும் வேலை எளிது: "எனக்கு இந்த விஷன் பிளான், இந்த மெடிக்கல் பிளான். சர்க்கரை இருக்கிறது, கண்ணில் இன்ன தொந்தரவு இருக்கிறது. இதை எந்த அட்டைக்கு அனுப்புவீர்கள், ரிஃப்ராக்‌ஷன் எவ்வளவு, டிடக்டபிள் முடியாததால் தோராயமாக எவ்வளவு வரும்?" துல்லியமாகச் சொல்ல முடியாவிட்டாலும் ஒரு அளவு சொல்லிவிடுவோம். அப்புறம், கண்ணுக்குள் படம் எடுக்கிறோம், 30, 40 டாலர், எடுக்கட்டுமா என்று கேட்பார்கள். எந்தப் புகாரும் இல்லாமல் சும்மா எடுப்பது என்றால் எந்த இன்சூரன்சும் பெரும்பாலும் தராது, உங்கள் விருப்பம். நோய்க்காக எடுத்தால் மெடிக்கலுக்குப் போகும்.

பணம் மிச்சமாகும் என்று நினைத்து அறிகுறியை மட்டும் மறைக்காதீர்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். சில வருடம் முன்பு டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு அம்மா கூப்பிட்டு, விஷன் பெனிஃபிட் எப்போது புதுப்பிக்கும் என்று மட்டும் கேட்டார். ஜனவரி ஒன்று என்றேன். "அப்போ ஜனவரியிலயே வர்றேன்மா" என்று வைத்துவிட்டார். ஏன் கேட்கிறீர்கள், கண்ணில் ஏதாவது தொந்தரவா என்று நான் கேட்கவில்லை. ஜனவரி ஐந்தாம் தேதி வந்தார். நவம்பர் கடைசியில் வரும் தேங்ஸ்கிவிங் விடுமுறையிலிருந்து இடது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது, இப்போது கீழேயிருந்து ஒரு திரை ஏறுகிற மாதிரி இருக்கிறது என்று டெக்னீஷியனிடம் சொன்னார். விழித்திரை பிரிந்திருந்தது. அன்று மதியமே விழித்திரை சர்ஜனிடம் அனுப்பினோம், ஆபரேஷன் செய்தார்கள், கண் தப்பித்தது, ஆனால் பழைய பார்வை திரும்பவில்லை. டிசம்பரிலேயே வந்திருந்தால் மெடிக்கல் அட்டையில் அதே நாள் பார்த்திருப்போம், விஷன் பெனிஃபிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றிலிருந்து யார் எதற்குக் கூப்பிட்டாலும், மிதக்கிறதா, மின்னல் வெட்டுகிறதா, திரை மாதிரி மறைக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்காமல் நான் போனை வைப்பதில்லை. இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும், கண் சிவந்து வலியோடு பார்வை மங்கினாலும், அன்றைக்கே போய்விடுங்கள். அட்டைக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் அந்தக் கறுப்பு நூலைச் சொன்னது சரியான காரியம். டாக்டர் கிழிசல் ஏதும் இல்லை என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், நிம்மதி. ஆனால் புதிதாக மிதப்பது வந்தவர்களை வழக்கமாக நாலு முதல் ஆறு வாரத்தில் மறுபடி வரச் சொல்வார்கள், ஏனென்றால் கண்ணுக்குள் இருக்கிற ஜெல் விழித்திரையை விட்டுப் பிரியும் காலத்தில் கிழிசல் தாமதமாகவும் வரலாம். பில் வருவதற்கே ஆறு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். மறு விசிட் தேதி கொடுத்தார்களா? பில் கோபத்தில் அதை விட்டுவிட்டீர்கள் என்றால் நாளைக்குக் காலையிலேயே கூப்பிடுங்கள். அது சின்ன விசிட், 92012 என்று மெடிக்கலுக்குத்தான் போகும், முதல் விசிட்டைவிடக் குறைவாகத்தான் வரும், பவர் பார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொட்டு மருந்து போட்டால் நாலைந்து மணி நேரம் கண் கூசும், காரை நீங்கள் ஓட்டாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.